துருவி அறியலாமா?

பொன்னேரியிலிருந்து சென்னை செல்லும் புறநகர் ரயிலில் அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். யாரோ தம்மை இரவும் பகலும் கண்காணிப்பதாக ஓர் அச்சம் அவரைப் பீடித்திருந்தது. மனநல மருத்துவரிடம் சென்று ஓரளவு தேறியும் வந்தார். "இப்போது போவதில்லை ஹஜ்ரத்" என்றார். அவர் நள்ளிரவில் முகநூலில் எழுதிய ஒன்றை, அவர் சொல்லாமலே மருத்துவர் எடுத்துக் கேட்டாராம். "கண்காணிக்கிறார்கள் என்றேன், அது நோய் என்றார். கடைசியில் அவரே அல்லவா கண்காணித்திருக்கிறார்!"

எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

மருத்துவரின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கும். ஊரறிய எழுதியதைப் படிப்பது குற்றமா என்றும் கேட்கலாம். ஆனால் சந்தையில் உரக்கப் பேசியவன், அப்பேச்சு வைத்தியரின் ஏட்டில் ஏறும் என்றெண்ணிப் பேசவில்லை. மேலும், நோயின் வேகத்தில் எழுதியதை நோயாளியின் வாக்குமூலமாகக் கொள்வதும் முறையன்று.

நம் திருமறையின் 49ஆம் அத்தியாயம், 12ஆம் வசனத்தில் மூன்று தடைகள் வரிசையாக வருகின்றன: முதலில் சந்தேகம், அடுத்து துருவல், பிறகு புறம். ஒன்று மற்றொன்றைப் பெறும் என்பது அவ்வரிசையே உணர்த்தும் பாடம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சையின்போது அறிந்ததை வெளியிடலாகாது என்கிறது. பிறருக்குத் தீங்கோ உயிருக்கு ஆபத்தோ நேருமிடத்து விலக்கும் அளிக்கிறது. அப்பிரிவு அடைப்பது மூன்றாவது வாசலை. இரண்டாவது வாசலுக்கு மனச்சாட்சியே காவல்.

உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு சுவரேறி ஒருவரின் வீட்டுக்குள் இறங்கிப் பாவச் செயலைக் கண்ட வரலாற்றை இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் கூறுகிறார். வீட்டுக்காரர், தாம் செய்த பிழை ஒன்று, கலீஃபா செய்த பிழை மூன்று என்றார்: துருவியது, வாசல் வழியே வராதது, ஸலாம் கூறாதது. கண்டது மெய்தான், கண்ட வழிதான் பிழை. கலீஃபா அதை ஏற்று, அவரை மன்னித்துத் திரும்பினார்.

தற்கொலை அச்சம் கண்ணெதிரே நிற்குமானால் கதவை உடைத்தும் உள்ளே புகலாம். தீப்பற்றிய வீட்டில் அனுமதி கேட்பாரில்லை. மற்ற வேளைகளில் வாசல் ஒன்றே: நோயாளியிடமே கேட்பது. தேடியே ஆகவேண்டுமெனில், தேடியதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூசுகின்ற தேடல், தேடாதிருக்க வேண்டிய தேடலே.

நோயாளி தாமாகச் சொல்வது அமானிதம். அவர் அறியாமல் எடுப்பது, எத்துணை உண்மையானாலும், அமானிதம் ஆகாது. மருந்து எங்கும் கிடைக்கும். என் மாணவர் இழந்துவிட்ட நம்பிக்கைக்கு எந்தக் கடையில் சீட்டு எழுதுவது?