கேட்டுப் பேசும் பயிற்சி

பௌத்த நெறியைத் தமிழில் கூறும் பழைய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அங்கே அறவண அடிகள் ஆசிரியர், மணிமேகலை மாணவி. அந்நெறி வழியில் பேச்சையும் கேட்டலையும் தியானமாகக் கொள்வதை விளக்கும் கீழ்வரும் உரையாடல், திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கத்தில் உள்ளதுபோல், சீடர் வினவக் குரு விடை கூறுவதாக அமைகிறது.

சீடர்: தியானம் வாய்மூடித் தனித்து அமர்வதல்லவா, ஐயா? பேச்சு எப்படித் தியானமாகும்?

குரு: தனிமையில் பழகிய கவனம் வீட்டார் முன் கலைந்துவிட்டால் என்ன பயன்? புத்தர் காட்டிய எண்வகை வழியில் நல்வாய்மையும் ஒன்று. மணிமேகலை கூறும் பத்துத் தீவினைகளில் நான்கு சொல்லில் பிறப்பவை: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல்.

சீடர்: இவற்றை விலக்கினால் போதுமா?

குரு: போதாது. மகன் ராகுலனுக்குப் புத்தர் கூறிய அறிவுரை, ஒரு சொல்லைப் பேசுமுன்னும் பேசும்போதும் பேசிய பின்னும் ஆராயச் சொல்கிறது. தனக்கோ பிறர்க்கோ அது துன்பம் தருமா என்பதே கேள்வி.

சீடர்: கோபம் வந்தபின் ஆராய நேரம் ஏது?

குரு: அறவண அடிகள் உரைக்கும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளில் நான்கை மட்டும் பார். "உனக்கு என்னடா தெரியும்?" என்று அண்ணன் கேட்கிறார் என்று வைத்துக்கொள். அச்சொல் செவியில் படுவது ஊறு. நெஞ்சு சுருங்குவது நுகர்வு. திருப்பிச் சுடச்சுடக் கொடுக்க எழும் துடிப்பு வேட்கை. "நான் சொன்னதே சரி" என்று பிடித்துக்கொள்வது பற்று. முதல் இரண்டையும் தடுக்க முடியாது. நுகர்வு வேட்கையாக மாறுமுன் ஒரு மூச்சளவு இடைவெளி உண்டு. தாடை இறுகுவதையும் மூச்சு குறுகுவதையும் அங்கே அறிந்துவிட்டால், நாக்கு அவசரப்படாது. பயிற்சியின் உயிர்நிலை அதுதான்.

சீடர்: தன்னையே கவனித்துக்கொண்டிருந்தால் அண்ணன் பேச்சைக் கேட்பது எப்போது?

குரு: இரண்டும் ஒன்றாகவே நடக்கும். கேட்பவர்களில் பலர் மறுமொழியைக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சைக் கவனிக்கையில் அலையும் மனத்தை மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவருகிறோம். இங்கே மறுமொழியை விட்டுவிட்டு, பேசுபவரின் குரலுக்குத் திரும்ப வேண்டும்.

சீடர்: ஆனால் தில்லையில் சைவரான மாணிக்கவாசகர் பௌத்தரோடு வாதிட்டாரே, அங்கே மறுமொழிதானே முக்கியம்?

குரு: அது வாது, வெல்வதற்கானது. அவையில் ஒருவர் தோற்கலாம். குடும்பத்தில் ஒருவரைத் தோற்கடித்தால் அவர் மனம் திறந்து பேசுவதை நிறுத்திவிடுவார்.

சீடர்: அப்படியானால் பிழையைச் சொல்லவே கூடாதா?

குரு: சொல்ல வேண்டும். காலமறிந்து, உண்மையாக, மென்மையாக, பயன்படும்படி, அன்போடு சொல்வது நல்ல பேச்சு என்று புத்தர் ஐந்து இலக்கணம் வகுத்தார். திருவதிகையில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் சைவ நிகழ்ச்சி அதற்கு முழுதும் பொருந்துகிறது. சமணம் சென்ற தம்பி மருணீக்கியார் சூலைநோயோடு வந்து திலகவதியார் காலில் விழுகிறார். அக்கா பிழையை மறைக்கவில்லை. ஆனால் அறியாமல் துயருற்றதாகச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்கிறார், திருநீறும் அளிக்கிறார்.

சீடர்: அன்பு இன்னும் வரவில்லை என்றால்?

குரு: அன்று பேசாமல் தள்ளிவைக்கலாம். ஆனால் இன்னொரு நாள் பேசியே ஆக வேண்டும்.