கணக்கில் வராத ஆடுகள்

திருத்தணி மலையின் 365 படிகளை ஓடி ஏற வேண்டிய வயதில், பத்துப் படிக்கே மூச்சு வாங்கி உட்காரும் பெண்ணுக்கு இதய வால்வு பழுதாகியிருக்கலாம். சிறு வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண் மூட்டுவலிக் காய்ச்சலாக மாறி வால்வைக் கெடுப்பது ஏழை வீடுகளில் இன்றும் நடக்கிறது. சென்னைக்கோ திருப்பதிக்கோ கொண்டுபோய் அவளுக்குச் செயற்கை வால்வு பொருத்துகிறார்கள். அவளுக்கு முன்னால் அத்தகைய வால்வைச் சுமந்தவை ஆடுகள். அந்த ஆடுகளுக்கு நேர்ந்ததில் எவ்வளவைச் சொல்ல ஆய்வாளர் கடமைப்பட்டவர்?

செம்மறியாட்டின் இதயம் அளவில் மனித இதயத்துக்கு நெருக்கமானது. விலங்குத் திசுவால் செய்த வால்வில் சுண்ணாம்பு படிவதும் இளம் ஆட்டின் உடலில் வெகு வேகமாக நடக்கும். மனிதரிடம் பல ஆண்டுகள் கழித்துத் தெரியும் கேடு அங்கே சில மாதங்களில் தெரிந்துவிடுகிறது. ஆட்டைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானின் குழு உருவாக்கிய சித்ரா வால்வு, நான்காவது வடிவத்தில்தான் தேறியது. முந்தைய வடிவம் ஒன்றில் திறந்து மூடும் தட்டு செயற்கை நீலக்கல்லால் ஆனது; அது ஆட்டின் இதயத்துக்குள்ளேயே உடைந்தது. அவ்வளவு கடினமான பொருள் உடையும் என்று யார் நினைத்திருப்பார்கள்? தட்டைப் பாலிஎத்திலீனுக்கு மாற்றினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. தோல்வியடைந்த வடிவங்களின் கதையையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். தட்டு உடைந்ததை மறைத்திருந்தால், அதே பொருளை நம்பி வேறொரு ஆய்வுக்கூடம் வேறு ஆடுகளை அறுவை மேசையில் கிடத்தியிருக்கும்.

எல்லா அறிக்கையும் அப்படி இருப்பதில்லை. ‘எட்டு ஆடுகளில் வால்வு நன்றாக இயங்கியது’ என்று ஓர் அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். எத்தனை ஆடுகளில் தொடங்கினார்கள்? அவற்றின் வயது, எடை என்ன? ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்களா? செத்தவற்றை அறுத்துப் பார்த்தபோது வால்வில் ரத்தக்கட்டி இருந்ததா? இவையெல்லாம் இல்லாமல் எட்டு என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. இத்தகைய விவரங்களைச் சொல்லியாக வேண்டும் என்று, விலங்கு ஆய்வு அறிக்கைகளுக்கான அரைவ் நெறிமுறைகள் 2010இல் வந்தன. 2020இல் அவற்றைத் திருத்தி இன்னும் தெளிவாக்கினார்கள்.

ஆய்வாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆட்டுக்கு இதய அறுவை செய்வது கடினம். மயக்க மருந்தாலும் கிருமித் தொற்றாலும் சில ஆடுகள் சாகும். அதை வால்வின் தலையில் கட்டினால் நல்ல கருவி ஒன்று நோயாளியை எட்டாமலே போகும். இது மெய்யான அச்சம். ஆனால் எந்தச் சாவு வால்வால் வந்தது, எது வரவில்லை என்பதை, வால்வு வெற்றி பெற வேண்டும் என்று விரும்புகிறவரே முடிவு தெரிந்த பிறகு தீர்மானிப்பது சரியாகாது. எதைக் கழிப்போம் என்பதை முதல் ஆட்டைத் தொடுவதற்கு முன்பே எழுதிவைக்கட்டும். கழித்ததையும் காரணத்தோடு அச்சிடட்டும். சாவைச் சொல்வது வேறு, அதற்கு வால்வைக் குற்றம் சாட்டுவது வேறு.

வலி தெரியும் உயிரொன்றைக் கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கு, அதனால் கிடைக்கும் அறிவைத் தவிர வேறு நியாயம் கிடையாது. அந்த அறிவைப் பாதி மறைத்தால் சோதனைக்குத் தந்த அனுமதியின் அடிப்படையே போய்விடுகிறது. இந்தியாவில் மனிதர் மீதான மருந்துச் சோதனையைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். விலங்குச் சோதனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எத்தனை ஆடு வேண்டும் என்று கேட்டு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, அத்தனைக்கும் என்ன ஆனது, அது எங்கே வெளியானது என்றும் கேட்கலாம். பதில் வராதவரை அடுத்த அனுமதியை நிறுத்தியும் வைக்கலாம்.