காதில்லாத ஊசி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாக வேடம் தாங்கிக் கதையாடும் விளையாட்டுகள் உண்டு. 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவற்றில் மூத்தது. கதையை நடத்துபவருக்கு அதில் ஒரு சங்கடம் நேரும். நெடுநாள் ஆடிய வீரனிடம் மந்திர வாளும் கவசமும் பொற்காசும் குவிந்துவிடும். அடுத்த குகையில் அவனுக்கு என்ன புதையல் வைப்பது? இன்னும் கூரான வாள் என்றால் பழைய வாள் மூலைக்குப் போகும், அவ்வளவுதான். வீரன் அப்படியேதான் இருப்பான்.

இந்தச் சங்கடத்தை நம் சிவபெருமான் நன்றாகவே அறிந்தவர் போலிருக்கிறது.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தின் அருகே கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் மேல்நோக்கிப் போனால் பூண்டி நீர்த்தேக்கம். பழைய திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் அந்த நீருக்கடியில்தான் போயிற்று. திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்ற சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறியதால் பார்வை இழந்து, தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த ஊர் அது. கண்ணைக் கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கோபத்தில் அதை வீசினார், நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். வீசிய கோலையும் தேடி எடுத்துத்தானே நடந்திருக்க வேண்டும்! பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுக் கைவீசித் திருவாரூர் போக முடிந்தது. கோலை ஒவ்வோர் அடியிலும் பிடித்தாக வேண்டும்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி இருக்கும் ஊர். காவிரிப்பூம்பட்டினத்தின் பெருவணிகர் அவர். கப்பலேறிப் போன வளர்ப்பு மகன் மருதவாணன் (சிவனே அவன் என்பார்கள்) திரும்பி வந்தபோது மூட்டை மூட்டையாக வரட்டியும் தவிடும் கொண்டுவந்தான். சினத்தில் வரட்டியை வீசியெறிந்தார். உடைந்த வரட்டிக்குள் மாணிக்கங்கள். இந்தக் கதையில் நான் நெடுநேரம் நின்றுவிடும் இடம் இதுதான். அத்தனை மாணிக்கமும் அவரை அசைக்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்ததுதானே, இன்னும் கொஞ்சம் கூடியது. பிறகு மகன் அனுப்பிய ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். ஓலை நறுக்கு ஒன்று, காது ஒடிந்த ஊசி ஒன்று. வீடு, கிடங்கு, கப்பல் எல்லாம் அந்த நொடியில் விலை இழந்தன. ஊசி அவருடைய செல்வத்தோடு சேர மறுத்தது. செல்வம் முழுவதையும் தன் பக்கத்தில் நிறுத்தி அளந்து காட்டியது.

முகத்துவாரக்குப்பத்தில் வலை செப்பனிட்டே வளர்ந்தவர்களுக்கு உதவாத ஊசி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகும் வலையும் கையிலிருந்தும் தொழில் நின்றது. அதை இறைவன் தந்த பாடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது மனிதர் செய்த கேடு. ஊசியை அனுப்பியவன் மகன். அப்பா மேல் அன்பு உள்ளவன். பறிப்பவர்களுக்கு ஞானம் பேசும் உரிமை கிடையாது.

துறந்தபின்னும் பட்டினத்தாருக்கு ஒரு பரிசு வந்தது: கசக்கும் பேய்க்கரும்பு. இதன் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது வாக்கு. கோவணத்தைத் தவிர வேறில்லாதவர் அதையும் சுமந்து ஊர் ஊராக நடந்தார். ஒவ்வோர் ஊரிலும் கசப்பு. திருவொற்றியூர்க் கரையில் இனித்தது. இனித்ததும் அவர் தியானத்தில் உட்காரவில்லை. கடற்கரைச் சிறுவர்களோடு விளையாடினார். தன்னை மூடச் சொல்வார், திறந்து பார்த்தால் வேறோர் இடத்தில் நின்று சிரிப்பார். கடைசியாகத் திறந்தபோது லிங்கம் இருந்ததாம்.

கரும்பைக் கொடுத்தவர் அது இனிக்கப்போகும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பட்டினத்தார் நேரே திருவொற்றியூருக்கு வந்திருப்பார். நடுவே இருந்த ஊர்களும் கோயில்களும் வெறும் வழியாகப் போயிருக்கும்.