சும்மா இருப்பது தப்பா?

வில்வித்தைப் போட்டியை நேரில் பார்த்திருக்கிறீர்களா? டி.வி-யில் பார்ப்பது வேறு. அம்பு பறக்கும், மஞ்சள் வட்டத்தில் குத்தி நிற்கும், அடுத்த விநாடி திரையின் மூலையில் 10 என்று வந்துவிடும். முடிந்தது கதை.

பள்ளிக்கூடப் போட்டிகளில் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எல்லோரும் எய்து முடித்ததும் விசில் ஊதுவார்கள். வில்லை வைத்துவிட்டுப் பிள்ளைகள் டார்கெட்டை நோக்கி நடப்பார்கள். ஒரே டார்கெட்டில் மூன்று, நான்கு பேர் அம்பு விட்டிருப்பார்கள். அவரவர் அம்பைக் காட்டி அவரவரே மார்க் சொல்ல வேண்டும். "பத்து, ஒன்பது, எட்டு..." என்று மேலிருந்து கீழே. பக்கத்தில் நிற்கிற மற்ற போட்டியாளர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை யாரும் அம்பைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் மட்டும் நடுவரைக் கூப்பிடுவார்கள். அவர் லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. மேலே அப்பீல் கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோட்டை அம்பு லேசாகத் தொட்டால்கூடப் போதும், அதிக மார்க் எதுவோ அதுதான். அந்தக் கோட்டின் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டதா, தொடவில்லையா என்பதில் ஒரு பாயின்ட்.

யோசித்துப் பாருங்கள். பக்கத்து பெஞ்ச் பையனின் விடைத்தாளைத் திருத்த நம் பிள்ளையையே உட்கார வைப்பது மாதிரி இது. அதுவும், அவனுக்கு மார்க் கூடினால் இவனுக்கு ரேங்க் குறையும் என்கிற நிலைமையில்!

எனக்குத் தெரிந்தவர் ஒருவர், டூவீலர் உதிரி பாகங்கள் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. நவீன வில் ஒரு செட் வாங்கவே லட்சத்தைத் தாண்டும் என்பதால், மூங்கில் வில் பிரிவில் பயிற்சி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, விரலில் காய்ப்புக் காய்க்கும் அளவுக்கு உழைத்து, தென்மண்டலப் பள்ளிப் போட்டி வரை வந்துவிட்டாள். மொத்தம் 72 அம்புகள். அதிகபட்சம் 720 மார்க். முதல் நான்கு பேர்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

கடைசிச் சுற்று முடிந்தபோது நான்காவது இடத்துக்கு இரண்டு பேர் மோதினார்கள். ஒருத்தி இவள். இன்னொருத்தி, அதே டார்கெட்டில் எய்த ஆந்திரப் பெண். அந்தப் பெண் தன் அம்பைப் பார்த்துவிட்டு "எயிட்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எழுதுகிறவர் பேனாவை எடுத்துவிட்டார்.

நம் பெண் நின்றது டார்கெட்டின் மறுபக்கம். அம்பு சாய்வாகக் குத்தியிருந்ததால் இவள் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது அம்பு. அது எட்டு இல்லை, ஒன்பது.

எட்டு என்றால் இவளுக்கு ஒரு பாயின்ட் அதிகம். ஒன்பது என்றால் இரண்டு பேரும் சமம். சமம் ஆனால், யார் அதிகமான பத்து அடித்தார்கள் என்று பார்ப்பார்கள். அதில் அந்தப் பெண்தான் முன்னால். இதெல்லாம் இவளுக்கு நன்றாகத் தெரியும். கையில் ஸ்கோர் ஷீட் இருக்கிறதே!

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்குத் தெலுங்கு தெரியாது. "நைன்... லைன் டச்" என்றாள்.

நடுவர் வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்பது. நம் பெண் ஐந்தாவது இடம். ஊருக்கு வந்தாயிற்று.

"ரயில்ல வரும்போது அவகிட்ட நான் பேசவே இல்லை சார்" என்றார் அப்பா. "அவ பொய் சொல்லணும்னு நான் சொல்லலை. சும்மா இருந்திருந்தாலே போதுமே! அந்தப் பொண்ணு தானே எட்டுன்னு சொல்லிச்சு? தன் அம்பைச் சரியாப் பார்த்துக்க வேண்டியது அதோட பொறுப்பு இல்லையா? இது சர்ட்டிஃபிகேட் விஷயம் சார். நாளைக்குக் காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவும். சும்மா இருக்கிறதுகூடவா தப்பு?"

சிரித்துவிட்டு நகர்கிற கேள்வி இல்லை இது. நம்மில் பெரும்பாலானோர் தினமும் இந்தக் கேள்விக்குள்தான் குடியிருக்கிறோம். கடைக்காரர் மீதிச் சில்லறையை ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறார். நாம் கேட்கவில்லை, அவராகத்தான் கொடுத்தார். ஆபீஸில் ஜூனியர் பண்ணின வேலைக்கு மேனேஜர் நம்மைப் பாராட்டுகிறார். நாம் பொய் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. சும்மா இருந்தோம், அவ்வளவுதான். யோகிகள் சொன்ன 'சும்மா இருத்தல்' மகா கஷ்டம். நம்முடைய 'சும்மா இருத்தல்' ரொம்ப லாபகரமானது!

எல்லா மௌனமும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கேலரியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் பைனாகுலரில் அந்த அம்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால், டார்கெட் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் நிலை வேறு. விதிதான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறது. 'எட்டு' என்று ஒருத்தி சொல்வது அறிவிப்பு மட்டும் இல்லை. 'எட்டுதானே?' என்று மற்றவர்களைக் கேட்கிற கேள்வியும்கூட. அங்கே பேசாமல் இருந்தால், 'ஆமாம், எட்டுதான்' என்று பதில் சொன்னதாக அர்த்தம். வாயைத் திறக்காமலேயே சொல்கிற பதில்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது ஆடிட்டர் கையெழுத்து மாதிரிதான் தெரிகிறது. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனி விவகாரம் வெடித்தபோது, பேங்கில் இருப்பதாகக் காட்டிய ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் இல்லவே இல்லை என்று தெரிந்தது. கணக்கை ஜோடித்தது கம்பெனி ஆட்கள்தான். ஆனால் ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி, 'ஆடிட்டர்கள் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள்?' என்பதுதான். பார்ப்பதற்கென்றே நிறுத்தப்பட்டவன் பார்க்காமல் இருந்தால் அதற்குப் பெயர் சும்மா இருப்பது இல்லை.

சரி, அப்பாவின் அடுத்த கேள்விக்கு வருவோம். "இடம் மாறியிருந்தா அந்தப் பொண்ணு சொல்லியிருக்குமா சார்?"

சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால், 'எதிராளி சொல்ல மாட்டான், அதனால் நானும் சொல்ல மாட்டேன்' என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு டார்கெட்டுக்கும் ஒரு நடுவர் வேண்டும். அந்த நடுவரைக் கண்காணிக்க இன்னொருவர் வேண்டும். ஐம்பது டார்கெட் போட்டு நடக்கிற பள்ளிப் போட்டியில் அது நடக்கிற காரியமா? போட்டி என்று ஒன்று நடப்பதே, போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாக நிற்பதால்தான்.

இதற்கு விலை உண்டு. இல்லை என்று பூசி மெழுகக் கூடாது. 1980-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பொன்விழா டெஸ்ட். நம் கேப்டன் ஜி.ஆர்.விஸ்வநாத். பாப் டெய்லர் கேட்ச் கொடுத்ததாக அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பந்து பேட்டில் படவில்லை என்று நினைத்த விஸ்வநாத், அப்பீலை வாபஸ் வாங்கி டெய்லரைத் திரும்ப அழைத்தார். திரும்பி வந்த டெய்லர், இயான் போத்தமுடன் சேர்ந்து 171 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது!

கதை இப்படித்தான் முடிந்தது. தர்மம் ஜெயிக்கவில்லை. ஸ்கோர் போர்டில் தோல்விதான். ஆனால், அந்த டெஸ்ட்டைப் பற்றிப் பேசுகிற யாரும் விஸ்வநாத்தின் பெயரைச் சொல்லாமல் கடப்பதில்லை.

வில் என்றதும் நமக்கு அர்ஜுனன் ஞாபகம் வரும். மரத்தில் ஒரு பொம்மைப் பறவை. 'என்ன தெரிகிறது?' என்று துரோணர் கேட்கிறார். மற்றவர்கள் மரம், கிளை, இலை என்கிறார்கள். அர்ஜுனனுக்குப் பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது. கவனம் என்றால் இது என்று எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்!

அதே குரு, அதே சீடன் வருகிற இன்னொரு கதையும் இருக்கிறது. காட்டில் தானாகவே வித்தை கற்ற ஏகலைவன், அர்ஜுனனைவிடத் தேர்ந்தவனாக நிற்கிறான். 'என்னைவிடச் சிறந்த சீடன் இருக்க மாட்டான் என்றீர்களே?' என்று அர்ஜுனன் குருவிடம் முறையிடுகிறான். துரோணர் ஏகலைவனிடம் போய் வலதுகைக் கட்டைவிரலைக் கேட்கிறார். அவன் வெட்டிக் கொடுக்கிறான். அர்ஜுனன் அங்கே என்ன செய்தான்? கத்தியை எடுக்கவில்லை. விரலைக் கேட்கவும் இல்லை. சும்மா இருந்தான். மனசு நிம்மதி ஆனது என்கிறது கதை. முதலிடம் பத்திரமாக இருந்தது.

அவன் எத்தனையோ போர்களில் ஜெயித்திருக்கலாம். ஆனாலும் இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகும், அர்ஜுனனின் முதலிடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கட்டைவிரல் குறுக்கே வந்து நிற்கிறதே! எதிராளியிடமிருந்து எடுத்ததை வைத்துப் பெரியவன் ஆனால் இதுதான் தொல்லை. பறவையின் கண்ணை மட்டும் பார்க்கிற கண், அம்பை விடுகிற வரைக்கும்தான் உதவும். விட்ட பிறகு டார்கெட் வரை நடந்து போய், அடுத்தவரின் அம்பையும் அதே கூர்மையோடு பார்க்க வேண்டும். துரோணர் சொல்லிக்கொடுத்தது பாதி வித்தை.

'ஒரே ஒரு பாயின்ட்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா?' என்று கேட்கலாம். இந்த விளையாட்டில் எல்லாமே ஒரே ஒரு பாயின்ட்தான். அதற்கும் குறைவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஆண்கள் இறுதிப்போட்டி. தென்கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன். ஐந்து செட் முடிவில் 5-5. ஆளுக்கு ஓர் அம்பு விட வைத்தார்கள். இரண்டும் பத்து! கடைசியில், மையத்துக்கு யார் பக்கம் என்று அளந்தார்கள். வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி. எலிசன் தோற்றதை உலகம் ஏற்றுக்கொண்டது, அவரும் ஏற்றுக்கொண்டார். ஏன்? அளவு உண்மை என்று எல்லோரும் நம்பியதால். அந்த நம்பிக்கை மட்டும் இல்லை என்றால், தங்கம் வெறும் மஞ்சள் உலோகம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். வருஷக் கடைசியில் பற்றும் வரவும் இடித்தால், வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பார்கள். கணக்கு டேலி ஆன மாதிரி தெரியும். ஆனால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிற வரை அந்தத் தொகை அங்கேயே உட்கார்ந்திருக்கும். யாருக்கும் சொந்தம் இல்லாமல். சும்மா இருந்து சம்பாதித்த ஒரு பாயின்ட்டும் அப்படித்தான். சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம். உள்ளே ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மூடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் சும்மா இருக்கிறார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தப் பெண்ணைத் தியாகச் செம்மல் ஆக்கி, மாலை போட்டு, ஸ்கூல் அசெம்பிளியில் நிறுத்திவிடக் கூடாது. அவள் எதையும் தானம் செய்யவில்லை. தன்னுடைய பாயின்ட்டைக் கொடுத்தால்தான் தானம். அது எப்போதுமே அந்த ஆந்திரப் பெண்ணுடைய பாயின்ட். 1925-ல் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் பாபி ஜோன்ஸ் யாருமே பார்க்காதபோது தன் பந்து லேசாக அசைந்தது என்று தானே சொல்லி, ஒரு ஸ்ட்ரோக் அபராதம் வாங்கிக்கொண்டார். கடைசியில் பிளே-ஆஃப் வரை போய்த் தோற்றார். பாராட்ட வந்தவர்களிடம், 'பேங்கைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவனைப் பாராட்டுவீர்களா?' என்கிற மாதிரி கேட்டாராம்.

அதுதான் விஷயம். உண்மை சொல்வதை வீரச்செயல் ஆக்கிவிட்டால், வீரர்கள் மட்டும் சொன்னால் போதும் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

அப்படியானால் பெற்றவர்கள் என்னதான் செய்வது? 'நேர்மையா இருந்தே இல்ல, அடுத்த வருஷம் கடவுள் தங்கமே கொடுப்பார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடுக்காமல் போகலாம். அப்போது பிள்ளை கடவுளையும் சந்தேகப்படும், நேர்மையையும் சந்தேகப்படும். 'உனக்கு நஷ்டம்தான், எனக்கும் வருத்தம்தான்' என்று நிஜத்தைச் சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள். ஒரு வருஷ உழைப்பு போயிருக்கிறது, அழட்டும்.

பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். ஒரு நிஜத்தைச் சொன்னதற்காக வீட்டில் கிடைக்கிற மௌனம், பிள்ளைகளின் காதில் ஒரு தீர்ப்பாகத்தான் விழும். அடுத்த முறை கோட்டில் ஓர் அம்பு நிற்கும்போது, அவர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது நடுவரை இல்லை. நம் முகத்தைத்தான்.