யார் பொருட்டுப் பேசுகிறோம்?

மாணாக்கர் ஐக்கிய நாடுகள் சபையைப்போல் கூடி, தமக்கு ஒதுக்கப்பட்ட தேசத்தின் பிரதிநிதிகளாய் நின்று வாதிக்கும் மாதிரிச் சபைகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரிகளில் சர்வதேச சங்கத்தைப் பின்பற்றி இத்தகைய சபைகள் கூடின. தான் நம்பாத கட்சியைப் பேசுவது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று என்போம். பிறர் நிலையில் நின்று நோக்கப் பழகுதல் அறிவுக்கு அணியே. குற்றம் வேறிடத்தில் உளது.

1964 அக்டோபர் 30-ந் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948-ஆம் வருஷச் சட்டத்தின் பின் இலங்கையில் நாடற்றவராய் நின்ற நம்மவர் 9,75,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாய்ப் பிரித்தனர். இரு அரசும் தத்தம் தேசத்தின் பொருட்டு வாதித்தன. பங்கிடப்பட்டவரின் சம்மதத்தை எவரும் கேட்டிலர். கோலா தெர்லாவில் கிராணி வேலை பார்க்கும் நாம் கொழுந்தை நிறையாலும், ஆளைப் பெயராலும் எழுதுகிறோம். அவ்வொப்பந்தமோ ஆட்களையும் கொழுந்தைப்போலவே பங்கிட்டது.

ஆதலின் நமது மாணாக்கர் மாதிரிச் சபை கூட்டுங்கால் 1964-ஐ எடுத்து வாதிக்கட்டும். இந்தியாவுக்கு ஒரு நாற்காலி, இலங்கைக்கு ஒரு நாற்காலி, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மூன்றாவது நாற்காலி. அவள் சொல்லைக் கேளாது எத்தீர்மானமும் நிறைவேறலாகாது. விளையாட்டிலேனும் இவ்விதியைப் பழகாதவர், நாளை மெய்ச்சபையில் அமர்ந்தால் அதனை எங்ஙனம் நினைவர்?