கேட்டதை எங்கே சொல்லலாம்?

ஒருவர் ஓரிடத்தில் சொன்னதை நாம் இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவது எப்போது தகும், எப்போது தகாது? வைணவ ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டிய கேள்வி இது. கைபேசி வந்தபிறகு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரே செய்தியை வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று எல்லா இடத்திலும் போடுவதைப் பலரும் வெறும் பழக்கவழக்க விஷயமாக நினைக்கிறார்கள். எனக்கு அது தர்மம் சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் படுகிறது.

நான் பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது காலை ஆறு மணிக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் திருவாய்மொழி சந்தை சொல்லிக்கொடுக்கிறேன். நான் ஓர் அடியைச் சொல்லிக் குரல்பதிவாகப் போடுவேன்; கற்றுக்கொள்பவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்லி அனுப்புவார்கள். எல்லாரும் அடுப்படி வேலைக்கு நடுவே பாடம் சொல்லும் பெண்கள். பாசுரத்துக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்கும், பிள்ளையை எழுப்பும் சத்தம் கேட்கும். ஒருவர் கஷ்டத்தை ஒருவரிடம் சொல்லி ஆறுவதும் அங்கேதான்.

ஒருநாள் ஓர் அம்மா எழுதினார்: மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது, எல்லாரும் பெருமாளிடம் சொல்லுங்கள். படித்துக் கலங்கிப்போன இன்னொருவர் அதே வரிகளைத் தன் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார், மகாலட்சுமித் தாயார் படத்தோடு ஸ்டேட்டஸில் வைத்தார், ஃபேஸ்புக்கிலும் பதிந்தார். பெயர் போடவில்லை. ஆனால் ஊரும் மாப்பிள்ளையின் வேலையும் அப்படியே இருந்தன. அந்தப் பெண் புகுந்த வீட்டில் இன்னும் வாய் திறக்கவே இல்லை. சாயங்காலம் நாத்தனார் போன் பண்ணிவிட்டாள்: "எங்களுக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்களே அண்ணி?"

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துபோனது. ஃபேஸ்புக் பதிவு மறையவில்லை. அடுத்த வருஷம் அதே தேதியில் ஃபேஸ்புக் அதை நினைவுகள் என்று எடுத்துக் காட்ட, பதிந்தவர் கைகூப்பும் பொம்மையைச் சேர்த்து மறுபடி பகிர்ந்தார். அந்தப் பெண் அப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள்.

பகிர்ந்தவர் மனசில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. பேசியபோது அவர் திருப்பிக் கேட்டார்: "திருக்கோஷ்டியூர்ல உடையவர் மேல ஏறி எல்லாருக்கும் சொல்லலையாக்கா? நம்பி வெளியில சொல்லாதேன்னுதானே சொன்னார்?"

லேசில் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை. உடையவர் என்று நாங்கள் சொல்லும் ராமானுஜருக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்துபோன பிறகுதான் ஆசாரியர் திருக்கோஷ்டியூர் நம்பியிடமிருந்து ஒரு ரகசியப் பொருள் கிடைத்தது. யாருக்கும் வெளியிடக் கூடாது என்ற கட்டளையோடு கிடைத்தது. மறுநாளே வெளியிட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான் திருக்கோஷ்டியூர். சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலில் மேலே ஏறிப்போனால் அவருடைய திருவுருவம் இன்றும் ஊரைப் பார்த்து நிற்கிறது. மேலிருந்து தெருவைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே நின்றவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று தோன்றும்.

நம்பி கோபித்துக் கேட்டபோது, ஆணையை மீறினவனுக்கு நரகம் என்று தெரிந்தேதான் செய்தேன், போவது நான் ஒருவன்தானே என்று ராமானுஜர் பதில் சொன்னாராம். மொத்தக் கதையும் எனக்கு இந்தப் பதிலில்தான் இருக்கிறது. சொன்னதால் வரும் கேட்டைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். கேட்டவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நம்பிக்கும் இல்லை. இன்னொன்று: அவர் எடுத்துப்போனது ஒருவருடைய துக்கம் இல்லை. எல்லாருக்கும் ஆக வேண்டிய நன்மை பூட்டிக் கிடந்தது, திறந்துவிட்டார். ஆசை உள்ளவர்களுக்குச் சொன்னார் என்றுதான் மணவாள மாமுனிகளும் பாடியிருக்கிறார். ஆசைப்பட்டுக் கேட்க வந்தவர்கள் வேறு, சமையல் வீடியோ தேடி விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது நடுவே ஒரு கருச்சிதைவைப் பார்ப்பவர்கள் வேறு. நாம் பகிரும்போது நரகத்துக்குப் போவது நாம் இல்லை. போன் வந்தது அந்தப் பெண்ணுக்குத்தான்.

எல்லாரும் திருக்கோஷ்டியூரையே சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அதைவிட நெருங்கிய கதை ஸ்ரீரங்கத்தில் நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் பெரியவாச்சான் பிள்ளையும் உண்டு, வடக்குத் திருவீதிப் பிள்ளையும் உண்டு. பெரியவாச்சான் பிள்ளை ஆசாரியர் சொல்லி எழுதினார். அந்த உரைதான் இருபத்து நாலாயிரப்படி. வடக்குத் திருவீதிப் பிள்ளை யாரும் சொல்லாமலே, பகலில் கேட்டதை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஓலையில் எழுதிவந்தார். நம்பிள்ளை ஒருநாள் அவர் வீட்டுக்கு எழுந்தருளியபோது பூஜை இடத்தில் இருந்த ஓலைக்கட்டுகளைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். சீடர் உண்மையைச் சொன்னார். நம்பிள்ளை வாசித்துப் பார்த்து மெய்மறந்துபோனார், தான் சொன்னது ஒன்றும் விடாமல் இருந்தது. இருந்தும், நம்மைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று ஓலைகளை வாங்கிக்கொண்டார்.

எழுதியதில் தப்பு இல்லை, எழுத்து அருமை, எழுதியவருக்கு ஆசாரியர் என்றால் உயிர். அப்படியும் வாங்கிக்கொண்டார் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அழிக்கவும் இல்லை. பிறகு ஈயுண்ணி மாதவர் என்ற இன்னொரு சீடர் கையில் அது போனது. அங்கிருந்து ஒருவர் ஒருவருக்கு என்று தலைமுறை தலைமுறையாக வந்து, திருவாய்மொழிப் பிள்ளை வழியாக மாமுனிகளை அடைந்தது. அவர் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஒரு வருஷம் அதற்குப் பொருள் சொன்னார். இன்று உலகமே வாசிக்கும் ஈடு முப்பத்தாறாயிரப்படி அதுதான். ஆக, விஷயம் பரவக் கூடாது என்று நம்பிள்ளை நினைக்கவில்லை. எடுத்துப்போகிறவன் சொன்னவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்.

ஈட்டைத் திறந்தால் இந்தப் பொருள் பட்டர் சொன்னது, இது நஞ்சீயர் சொன்னது என்று முன்னிருந்த ஆசாரியர்களின் பெயரோடு வந்துகொண்டே இருக்கும். எந்தச் சந்தர்ப்பத்தில், யார் கேட்டதற்குச் சொன்னார் என்பதுகூட வரும். வாக்கு இடம் மாறியபோது அது பிறந்த இடமும் கூடவே போனது. வாட்ஸ்ஆப்பில் வரும் பார்வேர்டு அடையாளத்துக்கு அந்தக் குணம் இல்லை. வேறெங்கிருந்தோ வந்தது என்று மட்டும் சொல்லும், யாரிடமிருந்து என்று சொல்லாது. நகலெடுத்து ஒட்டினால் அதுவும் கிடையாது. வதந்தியை நம்பி ஆட்களை அடித்துக் கொன்ற கொடுமைகளுக்குப் பிறகு, 2018இல் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஓர் இடம்கூட அதிகமான செய்திகள் உண்டே.

போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் கணினியிலும் ஒருகாலத்தில் இருந்தது. நான் பாடம் நடத்திய காலத்தில் யூஸ்நெட் பற்றிச் சொல்லிக்கொடுப்பேன். 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய விவாதக் குழுக்கள் அவை. ஒரு கடிதத்தைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால், அத்தனை குழுக்களின் பெயரும் தலைப்பிலேயே இருக்கும். இது வேறெங்கெல்லாம் போகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியும். பதில்கள் எந்தக் குழுவுக்கு வர வேண்டும் என்று எழுதவும் தனி வரி உண்டு. தனித்தனிப் பிரதியாகப் போடுவதை மரியாதைக் குறைவாக நினைத்தார்கள். 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் அப்படித் தனித்தனியாகப் போட்டபோது உலகமெங்குமிருந்து கோபம் கொந்தளித்தது. அவர்கள் செய்ததைத்தான் இன்று பல செயலிகள் ஒரு பொத்தானாக வைத்துக் கொடுக்கின்றன.

எங்கள் குழுவில் ஒரு சின்னப் பெண், கல்லூரி மாணவி, வாதாடினாள்: "நாலு இடத்துல போட்டா நாலு மடங்கு பேர் வேண்டிப்பாங்க இல்லையா, மேடம்?" இதற்கு நான் சம்பிரதாயத்துக்குள்ளேயே பதில் தேடினேன். விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது, ஒரே ஒரு முறை கேட்டாலும் அபயம் கொடுப்பேன் என்று ராமன் சொன்ன வாக்கைத்தான் ராம சரம சுலோகம் என்று போற்றுகிறோம். வேண்டுதலைக் கேட்கும் பெருமாளுக்கு ஆள்கணக்கு வேண்டியதில்லை. அப்படியானால் பல பேர் வேண்டிக்கொள்வது யாருக்காக? நம்மை இத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று துக்கப்படுகிறவர் மனசு தேற வேண்டும், அதற்காகத்தான். எத்தனை பேர், யார் யார் தெரிந்துகொண்டால் மனசு தேறும் என்று அவருக்குத்தான் தெரியும். அதை அவரைக் கேட்காமல் நாம் முடிவு பண்ணினால், தேற்றுவதற்காகச் செய்ததே காயமாகிவிடும்.

இப்போது யாராவது கஷ்டத்தை எழுதினால், முதல் பதிலாக "இங்கே மட்டுமா, வெளியிலும் சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறோம். பிள்ளை தொலைந்துவிட்டது, ரத்தம் வேண்டும் என்பவர்கள் எல்லா இடத்திலும் போடுங்கள் என்கிறார்கள். உடனே போடுகிறோம், பதில் எந்த எண்ணுக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்து. ஆள் கிடைத்ததும் போட்ட இடமெல்லாம் தேடிப்போய் எடுத்துவிடவும் செய்கிறோம். இந்தக் கடைசி வேலையைத்தான் மற்ற இடங்களில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

சென்ற மார்கழியில் எங்கள் சந்தைப் பதிவுகளை ஒருவர் கோத்து, கோயில் படங்களோடு யூடியூபில் ஏற்றிவிட்டு எனக்கு இணைப்பு அனுப்பினார். பாசுரம் ஆழ்வாருடையது, ஊரெல்லாம் கேட்கட்டும். என் குரலும் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுநடுவே, அடி மறந்து தடுமாறி, சிரித்து, மறுபடி ஆரம்பிக்கும் அந்தப் பெண்களின் குரல்களும் இருந்தன. அவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டு, சரி என்றவர்களுடையதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள் என்று எழுதினேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மீதி வெட்டப்பட்டு வீடியோ ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.