இழை வழியே வரும் ஜோதி

சபரிமலை மகரவிளக்கு அன்று பொழுது சாயும் நேரம். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலை முடிந்து வந்த பெண்கள் கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்து அதன் முன் உட்கார்கிறார்கள். பொன்னம்பலமேட்டில் கற்பூர ஒளி மூன்று முறை தோன்றி மறைகிறது. திரையில் அது கடுகளவுதான். ஆனாலும் கைகள் தாமாகக் குவிகின்றன. வாய் சரணம் சொல்கிறது.

அவர்களுக்குக் கிடைத்தது தரிசனமா, வெறும் படமா?

கணக்காகப் பார்த்தால் கற்பூரத்தின் ஒளி கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அங்கே அது பூஜ்யமும் ஒன்றுமான எண்களாக மாறுகிறது. அந்த எண்களுக்கேற்பத் துடிக்கும் லேசர் ஒளி, ஒளியிழையின் நடுவே 9 மைக்ரான் அளவுள்ள, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடி மையத்தில் பாய்கிறது. மையத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றே குறைவு. அதனால் ஒளி வெளியே சிந்தாமல், மலைப்பாதை வளைவிலும் இழையோடு சேர்ந்து வளைந்து போகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். நெடுந்தூர இழைகளில் பெரும்பாலும் ஓடுவது 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஜோதியைச் சுமந்து வரும் அந்த ஒளி மனிதக் கண்ணுக்கே தெரியாது!

இந்தப் புதிருக்கு முன்னோடி ஒன்று உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது முதல் சுடர் இடம் பெயர்கிறதா என்ற உவமையை ‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் மன்னன் மிலிந்தன் முன் வைக்கிறார். எதுவும் பெயராமலே தொடர்ச்சி இருக்கும் என்பது அவர் கட்சி. அவர் பேசியது மறுபிறப்பைப் பற்றி. லயத்துக்கு வரும் ஜோதிக்கும் அது பொருந்துகிறது.

கண்ணாடியில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடி காரணமல்ல, அதில் கலந்த மாசே காரணம் என்று 1966இல் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலம் நீங்கினால் ஒளி விளங்கும் என்று சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது பழகிய பேச்சு. தரிசனத்தை மறைப்பதும் இழையல்ல. ஜோதி தெரிந்த மறுநொடியே அடுத்த வீடியோவுக்குத் தாவும் விரல்தான் அங்கே மாசு.

நேரில் போனால்தான் புண்ணியம் என்பவர்கள் உண்டு. நாற்பத்தொரு நாள் விரதமும் இருமுடிச் சுமையும் காட்டுவழி நடையும் எந்த இழையிலும் வராது. அவர்கள் சொல்வதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது. ஆனால் 2011 ஜனவரி 14 அன்று, இதே இடுக்கி மாவட்டத்துப் புல்லுமேட்டில் ஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஒளி மனிதர் ஏற்றுவதே என்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு வெளிப்படையாகச் சொன்னதும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் பக்தி தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லயத்துப் பெண்களில் பலர், பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுவரை பெண்கள் மலைக்குப் போவதில்லை என்ற வழக்கத்துக்குள் வளர்ந்தவர்கள். வீட்டு ஆண்கள் மாலை போட்ட நாள் முதல் விடியுமுன் எழுந்து, குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அந்த விரதத்தைத் தாங்கியவர்கள். அவர்கள் அந்தச் சிறு திரையைக் கும்பிடும்போது, ‘வெறும் போன்தானே’ என்று யாரும் சொல்ல வேண்டாம்.